பழைய புல்லட்டை நம்பலாமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆளுக்குப் பத்து நிமிடம், ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் சொல்லிவிட்டார். எனக்கு முன்னால் பேசிய நண்பர் மாடித் தோட்டம் பற்றி அழகாகச் சொன்னார். என்னுடையது கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கான விஷயம். ரிட்டயர் ஆனதும் நம்ம செட்டில் நாலைந்து பேர் பழைய புல்லட் வாங்கிவிட்டோம். இன்னும் சிலர் வாங்கப் போவதாகக் கேள்வி. அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

பழைய வண்டி விற்கிறவர் சொல்வது எல்லா ஊரிலும் ஒன்றுதான். "ஒரே கை ஓட்டின வண்டி சார். டாக்டர் வச்சிருந்தாரு. கரெக்டா சர்வீஸ் பண்ணியிருக்கு." 2022 நவம்பரில் நான் வாங்கிய 1989 மாடல் புல்லட் 350-க்கும் இதையேதான் சொன்னார்கள். ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினால் டாக்டருக்கு முன்னும் பின்னுமாக நாலு பெயர். சர்வீஸ் செய்ததற்கு ஒரு ரசீது கூட இல்லை. மீட்டர் 31,000 கிலோமீட்டர் காட்டியது. பிரேக் பெடலோ தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. மீட்டர் கேபிளைக் கழற்றிவிட ஒரு நிமிடம் போதும். பெடல் தேய வருஷக்கணக்கில் ஆகும். நான் பெடலைத்தான் நம்பினேன்.

இந்த வண்டியில் நானும் மனைவியும் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை, சுமார் 700 கிலோமீட்டர், போக வேண்டும் என்று ஆசை. அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "இத நம்பி நான் பின்னாடி உக்காரலாமாங்க?" என்று மட்டும் கேட்டார். "பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அந்தப் பதிலைச் சொல்ல மூன்று மாதம் ஆயிற்று.

பூர்வீகம் தெரியாத வண்டிக்கு இதுவரை யாரும் எதுவுமே செய்யவில்லை என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அதிலும் வரிசை முக்கியம். நம்மில் மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வண்டி வந்த அன்றைக்கே எஞ்சினைப் பிரித்துவிடக் கை துடிக்கும். எஞ்சின் நின்றுபோனால் சாலையோரம் நின்று யாருக்காவது போன் பண்ணலாம். ஓடும்போது முன் டயர் போனால் போன் பண்ண ஆள் இருக்குமா? ஆகவே டயர், பிரேக், ஸ்டியரிங், சக்கரம் எல்லாம் பார்த்த பிறகுதான் எஞ்சின்.

என் வண்டியின் முன் டயரில் பட்டன் புதுசு போல இருந்தது. "ரெண்டு வருஷம் தாராளமா ஓடும் சார்" என்றார் மெக்கானிக். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். என் டயரில் 2311. அதாவது 2011-ஆம் ஆண்டின் 23-வது வாரம். ஓடாமல் நின்றே பதினோரு வயதாகிவிட்டது! காற்றை இறக்கி, பக்கவாட்டை அழுத்தி மடக்கிப் பார்த்தேன். தலைமயிர் கனத்தில் வெடிப்புகள். "பாய், இதக் கழட்டிடுங்க" என்றேன். அவருக்கு மனசே இல்லை. முணுமுணுத்துக்கொண்டேதான் கழற்றினார். உள்ளே ட்யூபில் மூன்று பஞ்சர் ஒட்டு. இரண்டு டயர், இரண்டு ட்யூப், பிரேக் ஷூ, கேபிள்கள் எல்லாம் புதிது போட்டோம்.

ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ஐந்து கம்பிகள் மந்தமாகக் கேட்டன. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் 'டொக்' என்றது. கோன் செட் போயிருந்தது. செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் நடுவில் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின், ஸ்ப்ராக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

இனி எஞ்சின். இந்தப் பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டில் ஆயிலுக்குத் தனி அறை உண்டு. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் காய்ந்திருக்கும். அதைப் பார்த்துப் பதறி ஒரு லிட்டர் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். ஸ்டார்ட் ஆனதும் பம்ப் கீழே கிடந்ததையும் மேலே தூக்க, அளவுக்கு மீறின ஆயில் பிரீதர் வழியாக வெளியே கொட்டும். "வண்டி ஆயில் அடிக்குது" என்ற கெட்ட பெயர் பாதி இப்படி வந்ததுதான். பூர்வீகம் தெரியாத வண்டியில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இரண்டு இடத்திலும் வடித்துவிடுவது உத்தமம்.

வடித்ததைக் கொட்டிவிடாதீர்கள். வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள், ஒரு காந்தத்தையும் துழாவுங்கள். பித்தளை நிறத்தில் செதில்கள் மின்னினால் புஷ் தேய்கிறது. அப்போது பிரித்தே ஆக வேண்டும். என் வண்டியில் வெறும் கறுப்பும், காந்தத்தில் கொஞ்சம் மாவு போன்ற தூளும்தான். எஞ்சினைத் தொடவில்லை. ஃபெல்ட் ஃபில்டரை மட்டும் மாற்றி, மூடுவதற்கு முன் அந்த அறையை ஆயிலால் நிரப்பினோம். பிக் எண்டுக்குப் போகும் ஆயில் அந்த அறை நிறைந்த பிறகுதான் போய்ச் சேரும். அதுவரை அது காய்ந்தபடி சுற்றக்கூடாது அல்லவா? பிறகு ஓடும்போதே மேலே ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். கசிந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

கியர்பாக்ஸுக்கும் கிளட்ச் பக்கத்துக்கும் தனித்தனி ஆயில் என்பதை மறக்காதீர்கள். பாயிண்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர். டாப்பெட், எஞ்சின் ஆறியிருக்கும்போது, புஷ்ராட் விரலில் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள்; பழைய ரப்பர் குழாய்க்கு அது ஆகாது, மாற்றிவிடுங்கள். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

சாமான் கிடைக்குமா என்று கவலை வேண்டாம். 1955-ல் சென்னையில் கம்பெனி தொடங்கிய பிறகு பல பத்தாண்டுகள் எஞ்சினின் அடிப்படை மாறவில்லை. புதுப்பேட்டையில் அலைந்தால் எதுவும் கிடைக்கும். மட்கார்டு, டூல்பாக்ஸ் பழசு வாங்கலாம். பிரேக் ஷூவும் ஆக்சிலும் அங்கே பழசு வாங்க நான் சம்மதிக்க மாட்டேன்.

எல்லாம் முடித்துத் தனியாக மாமல்லபுரம் வரை போனேன். அடுத்த வாரம் புதுச்சேரி. ஒற்றை சிலிண்டர் அதிர்வுக்கு நட்டு போல்ட்டெல்லாம் தளரும். ஒவ்வொரு தடவையும் வந்த உடனே ஸ்பேனர் எடுத்தேன். புதுச்சேரி போய்வந்தபோது சைலன்சர் கிளாம்ப் போல்ட் வழியிலேயே விழுந்திருந்தது. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வருகிறேன். அடுத்து வாங்குகிறவர் என் வாயை நம்ப வேண்டியதில்லை.

2023 பிப்ரவரியில் இருவருமாகக் கன்னியாகுமரி போய்வந்தோம். கோவில்பட்டி அருகே ஹெட்லைட் பல்பு போனது, அவ்வளவுதான்.

இன்றைக்கும் நாங்கள் அந்த வண்டியில்தான் வந்திருக்கிறோம். வெளியே சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நிற்கிறது. டீ நேரத்தில் வந்து பாருங்கள், நோட்டும் டூல்பாக்ஸில் இருக்கிறது. ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் என்னிடம் சொல்லுங்கள். இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில்.