இலையைத் திருப்பிப் பாருங்கள்

போன கிழமை உட்துறைமுக வீதியில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். விறாந்தை முழுக்க அந்தூரியச் சாடிகள். ஒரு சாடியில் மட்டும் ஆறு பூ, நல்ல இரத்தச் சிவப்பு. ஆனால் அதன் கீழ் இலை ஒன்றில் சதக் குற்றி அளவுக்கு மண்ணிறப் புள்ளிகள் மூன்று.

"தம்பி, இதுக்கு என்ன மருந்து அடிக்கிறது?"

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். மூன்றாவதாகவோ நாலாவதாகவோ வரவேண்டிய கேள்வி இது. அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. புள்ளியைப் பார்த்து அது இன்னதென்று சொல்லும் வேலை. அதை ஒரு கலை என்றே நான் சொல்வேன். நம்முடைய ஊரில் பூக்கன்று வளர்க்காத வீடு குறைவு, இந்தக் கலை தெரிந்த வீடு அதைவிடக் குறைவு.

இலைப்புள்ளி என்றால் அற்ப விஷயம் என்று நம்முடைய இலங்கையில் யாரும் சொல்லமுடியாது. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் அப்பினதுபோலப் புள்ளிகள் கண்டார்கள். இருபது வருஷத்துக்குள் கோப்பி படுத்துவிட்டது. அந்த மலைகளில் தேயிலை ஏறியது. அந்தப் புள்ளியை ஆராய 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளரை இங்கே அனுப்பினார்கள். இருபத்தாறு வயதுதான் இருக்கும். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் கோப்பிச் செடிகளுக்கு இடையில் வைத்து, காற்றில் வருகிற பங்கசு வித்திகளைப் பிடித்துப் பார்த்தார் அந்த மனிதர். வித்தி முளைக்க இலையில் ஈரம் வேண்டும், அடிப்பக்கத்து இலைவாய்களால்தான் அது உள்ளே நுழைகிறது என்று காட்டினார். தோட்டத்துரைமார் கேட்டதோ மருந்து. அது அவரிடம் இருக்கவில்லை. மனத்தாங்கலோடுதான் அவரை அனுப்பிவைத்தார்கள். ஆனாலும் ஈரத்தைப் பார், இலையின் அடியைப் பார் என்று அவர் காட்டிய வழிதான் பெரியம்மாவின் விறாந்தையிலும் எனக்கு உதவியது.

சரி, எப்படிப் பார்ப்பது? இலையைப் பிய்க்கவேண்டாம். காம்போடு பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்தி, அடிப்பக்கத்தைப் பாருங்கள். அந்தூரியத்தில் மிகவும் பயப்படவேண்டியது பற்றீரியாக் கருகல். இலை ஓரத்துக்குக் கிட்ட, எண்ணெய் பட்ட கடதாசிபோல ஈரம் ஊறின புள்ளிகளாகத் தொடங்கும். வெளிச்சத்துக்குப் பிடித்தால் கண்ணாடிபோலத் தெரியும். பிறகு நடு கருகி, சுற்றிவர மஞ்சள் கரை கட்டும். ஓரத்தில் ஏன் தொடங்குகிறது என்றால், விடிய வெள்ளென இலை ஓரங்களில் முத்து முத்தாக நீர் கசிந்து நிற்குமே, அந்தக் கசிவுத் துளைகள்தான் அதற்குப் படலை. பனி என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு கன்று தானே விடுகிற தண்ணீர். 1980களில் ஹவாய்த் தீவுகளில் அந்தூரியம் பயிரிட்டுப் பிழைத்த எத்தனையோ சிறு தோட்டங்களை இழுத்து மூடவைத்தது இந்த நோய்தான்.

பங்கசுப் புள்ளி வேறு மாதிரி. அது காய்ந்த மண்ணிறம், பெரும்பாலும் வட்டம். சிலதில் மரத்தை அறுத்தால் தெரிகிற வளையங்கள்போல ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடு ஓடும். பூதக்கண்ணாடியால் பார்த்தால் நடுவில் ஊசிமுனை அளவில் கறுப்புக் குத்துகள் இருக்கும். வித்திகள் கிளம்புகிற இடம் அதுதான்.

நோயே இல்லாத புள்ளிகளும் உண்டு. என் அனுபவத்தில், நம்முடைய துறைமுகப் பக்கத்து வீடுகளில் பாதிக்கு மேல் அந்த வகைதான். உட்துறைமுகத்தைப் பார்த்த விறாந்தைகளில் பின்னேர வெயில் நேராக விழும், தண்ணீரில் பட்டுத் தெறித்தும் விழும். கொலம்பிய மழைக்காட்டில் மரநிழலுக்குக் கீழே வளர்ந்த குலம் அந்தூரியம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அதை அந்த வெயிலில் வைத்தால், துறைமுகத்தைப் பார்த்த பக்கத்து இலை மட்டும் வெளிறி, பிறகு அப்பளம்போலக் காயும். பக்கம் பார்த்துப் புள்ளி விழுந்தால் அது வெயில். சாடியைத் திருப்பினால் போதும்.

இலையின் நுனியும் ஓரமும் மட்டும் கருகி, மண்சாடியின் வாயில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தால், அது உப்பு. கடலுக்குக் கிட்ட இருக்கிற கிணறுகளில் கோடையில் தண்ணீர் சவர்த்துப்போகும். அதற்குமேல் உரமும் போட்டால் கன்று என்ன செய்யும்? வாடைக்கால மழைநீரைப் பீப்பாவில் பிடித்துவைத்து, மாதம் ஒருமுறை சாடியின் அடியால் ஓடி வடியுமட்டும் ஊற்றுங்கள்.

இவ்வளவும் சொல்கிற நான் செய்த ஒரு மடைத்தனத்தையும் சொல்லவேண்டும். செம்பும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையின் கதையை வாசித்து எனக்கு அதில் ஒரு மயக்கம். பிரான்சில் வீதியோரத்து முந்திரிகைக் குலைகளைக் களவு எடுக்காமலிருக்க அடித்த நீலக் கரைசல் அது. அடித்த கொடிகளில் நோய் குறைவாக இருப்பதைக் கவனித்த மில்லார்தே என்ற பேராசிரியர் 1885இல் அதைப் பிரசித்தப்படுத்தினார். வார்ட் இங்கிருந்து போய்ச் சில வருஷம் கழித்து. அந்த மயக்கத்தில் என் அந்தூரியங்களுக்குச் செம்பு மருந்து அடித்தேன். அந்தூரியத்துக்குச் செம்பு ஒத்துக்கொள்ளாது. மூன்று சாடி கருகிப்போயின. நோய்க்கு அவ்வளவு இலை போயிருக்காது.

ஆகவே மருந்துக்கு முன்னால் கத்தரிக்கோல். பங்கசு என்றால் பட்ட இலையைக் காம்போடு வெட்டிக் குப்பையோடு அகற்றுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடையுங்கள். சாடிகளை இலை இலையோடு முட்டாமல் தள்ளிவையுங்கள். தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், அதுவும் காலையில். வாடைக்காலத்தில் கூரைத் தாழ்வாரத்து ஒழுக்கு விழுகிற இடத்தில் சாடி இருக்கவே கூடாது. தெறிக்கிற துளியில்தான் புள்ளி இலைக்கு இலை தாவுகிறது. இவ்வளவும் செய்தும் பரவினால்தான் பங்கசு நாசினி, அதுவும் லேபிளில் போட்ட அளவில். பற்றீரியாவுக்கு அந்த மருந்தும் கேட்காது. தண்டுவரை போய்விட்டால் சாடியோடு கன்றை அகற்றி எரிப்பதே மற்றக் கன்றுகளுக்குச் செய்கிற உபகாரம். நிச்சயமில்லை என்றால் இலையோடு விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுங்கள்.

பெரியம்மாவுக்கு வேறு ஒரு சந்தேகம். "பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து, என்ன வடிவான பூ என்று சொல்லிவிட்டுப் போனது. அடுத்த கிழமை புள்ளி. நாவூறுதான் தம்பி." நான் சிரிக்கவில்லை. வந்த பிள்ளை பார்த்ததோடு விட்டதா என்று கேட்டேன். தன் வீட்டுக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்ட ஈரக் கையோடு வந்து, இலையைத் தடவிப் பார்த்து, அதே வீட்டிலிருந்து கொண்டுவந்த கத்தியால் பக்கக்கன்று ஒன்றும் வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. நாவால் வருகிறதோ என்னவோ, கையாலும் கத்தியாலும் வரும்.

அந்த மூன்று புள்ளிகளையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தோம். கண்ணாடித் தன்மை இல்லை, வளையம் இருந்தது. பேனையால் ஒவ்வொரு புள்ளியின் விளிம்பிலும் கோடு கீறி, பக்கத்தில் தேதியும் எழுதிவிட்டு வந்தேன். நேற்றுப் பெரியம்மா போன் எடுத்தார். இரண்டு புள்ளி கோட்டுக்குள்ளேயே நிற்கிறதாம், ஒன்று தாண்டிவிட்டதாம். "வெட்டட்டா?" என்றார். "வெட்டுங்கோ" என்றேன். "ஸ்பிரிட் இல்லையே?" என்றார். கத்தரிக்கோலை அடுப்பு நெருப்பில் காட்டச் சொன்னேன்.