கடலும் ஓர் அமானிதமே!

 



கடலை நமக்கு வசப்படுத்தித் தந்ததையும், அதிலிருந்து புதிய மாமிசத்தை நாம் உண்பதையும் சூரா அந்நஹ்லின் 14-ஆம் வசனத்தில் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அல்லாஹ் எடுத்துரைக்கிறான். இஹ்ராம் அணிந்தவருக்குத் தரையில் வேட்டையாடுவது தடுக்கப்பட்டிருக்க, கடல் வேட்டை மட்டும் அனுமதிக்கப்பட்டுள்ளது. இத்துணை விசாலமான ஹலாலுக்கும் வரம்பு உண்டா என்று கேட்டால், உண்டு என்பதே மார்க்கத்தின் விடை. உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே வசனத்திலேயே (7:31) வீண்விரயத்தை இறைவன் தடை செய்திருக்கிறான்.

வலைக்கண்ணின் அளவு

வலையின் ஒரு கண்ணை நன்றாக இழுத்துப் பிடித்து, எதிரெதிரே உள்ள இரு முடிச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளப்பதே கண்ணி அளவாகும். செவுள் வலையில் சிறு மீன் கண்ணுக்குள் புகுந்து தப்பிவிடும். மிகப் பெரிய மீனின் தலை உள்ளே நுழையாது. இடைப்பட்ட அளவுள்ளதே செவுளில் சிக்கும். இழுவலையின் நிலை வேறு. அதன் கடைசியிலுள்ள மடிக்குள் எல்லா மீனும் வந்து சேர்ந்துவிடும். அந்த மடியின் கண் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தே குஞ்சுகள் பிழைப்பதும் மாள்வதும் அமைகின்றன. சாய்சதுரக் கண்கள் இழுவையில் இறுகி மூடிக்கொள்ளும். சதுரக் கண்கள் திறந்தே இருக்கும். எனவேதான் தமிழ்நாட்டு மீன்பிடி விதிகள் இழுவலை மடிக்கு 40 மில்லி மீட்டருக்குக் குறையாத சதுரக் கண்ணை வலியுறுத்துகின்றன.

சிறு கண் மடியில் ஏறும் குஞ்சுகளுள் பெரும்பாலானவை நம் உணவுத் தட்டுக்கு வருவதே இல்லை. கழிவு மீன் என்ற பெயரில் குறைந்த விலைக்கு விற்கப்பட்டு, மீன்தூளாகவும் கோழித் தீவனமாகவும் மாறுகின்றன. ஒரு முறையேனும் முட்டையிடும் முன்னரே அவை அழிகின்றன. நாளை கிலோக் கணக்கில் கிடைக்க வேண்டியது இன்று கிராம் கணக்கில் வாரப்படுகிறது. இது விரயமன்றி வேறென்ன?

அண்டை மாநிலமாம் கேரளத்தைப் பாருங்கள். 2012-இல் அங்கு ஏறத்தாழ 3.9 லட்சம் டன் மத்தி மீன் கிடைத்தது. 2021-இல் கிடைத்ததோ வெறும் 3,297 டன். இதற்குக் கடல்நீரின் மாற்றங்களே பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் கூறுவர். ஆயினும் இயற்கையே மீனைக் குறைக்கும் காலத்தில், எஞ்சிய குஞ்சுகளையும் வாரிவிட்டால் மீட்சி எங்கிருந்து வரும்? இதையெல்லாம் எண்ணியே அம்மாநில அரசு 2015-இல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளத்தை அறிவித்தது. மத்தி 10 சென்டி மீட்டருக்கும், அயிலை 14 சென்டி மீட்டருக்கும் குறைவாக இருந்தால் பிடிக்கலாகாது.

சிறியதெல்லாம் குஞ்சு என்று கருதிவிடவும் வேண்டாம். நெத்திலி முழு வளர்ச்சி பெற்றாலும் சிறிய மீனே. அதற்குச் சிறு கண் வலை வேண்டும். அவ்வலையை நாட்டுப்படகில் உரிய முறையில் இடும் ஏழையின் பிழைப்பைப் பற்றி நாம் பேசவில்லை.

பழைய தந்திரம், புதிய வலை

கடலோர ஊரொன்றில் வாழ்ந்த சனிக்கிழமைவாசிகளின் வரலாற்றைச் சூரா அல்அஃராஃப் (163-166) விவரிக்கிறது. தடுக்கப்பட்ட நாளில் மீன்கள் நீர்மட்டத்தில் வந்து குவிந்தன. மற்ற நாட்களில் வரவில்லை. அது இறைவனின் சோதனை. அவர்களோ முன்கூட்டியே வலை விரித்து, மறுநாள் அள்ளிக்கொண்டார்கள் என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். வெளித்தோற்றத்தில் சட்டத்தை மீறவில்லை, உள்ளத்தில் மீறினார்கள்.

சகோதரர்களே! அதிகாரிகள் பார்க்கும்படி 40 மில்லி மீட்டர் மடியை வெளியே கட்டி, அதற்குள் சிறு கண் மடியொன்றை மறைத்துக் கட்டுவது இதே தந்திரம் அல்லவா? அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்க ஒரு சூராவையே அருளிய இறைவன், கடலுக்கடியில் இருக்கும் மடியின் அளவை அறியமாட்டானா?

கப்பலின் அடித்தட்டு

"அடுத்த படகுக்காரர் விடப்போவதில்லை, நான் மட்டும் விட்டு என்ன பயன்?" என்பது பலரின் வாதம். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் புகாரியின் நபிமொழி ஒன்று இதற்கு விடையாகும். கப்பலின் அடித்தட்டில் இருப்போர் தண்ணீருக்காகத் தம் பகுதியில் துளையிட முனைந்தபோது, மேல்தட்டில் இருப்போர் தடுத்தால் இருசாராரும் பிழைப்பார்கள். விட்டுவிட்டால் அனைவரும் அழிவார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் உவமை கூறினார்கள். கடலும் அப்படித்தான். விசைப்படகு வாரிய குஞ்சு, கரையோரம் வலை வீசும் நாட்டுப்படகு மீனவரின் நாளைய உணவு. அவரது பாத்தியதை பறிக்கப்பட்டால் மறுமையில் கேள்வி உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

படகு உரிமையாளர்களே! மறைத்துக் கட்டிய மடியை இன்றே அவிழ்த்துவிடுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தையும் பேணுங்கள். ஜமாஅத்தின் பொறுப்பாளர்களே! தனியொருவர் மாறினால் அவருக்கு நட்டம் வரலாம். துறை முழுவதும் சேர்ந்து மாறினால் அந்நட்டம் எவருக்கும் இல்லை. ஆகவே அனைவரையும் ஒரே இடத்தில் அமர்த்திப் பேசுங்கள். கடன்பட்டுத் தவிப்போருக்குப் புதிய மடி வாங்க பைத்துல்மாலிலிருந்து அழகிய கடன் கொடுங்கள்.

தாய்மார்களே! மலிவாகக் கிடைக்கிறதென்று விரலளவுக் குஞ்சு அயிலையை வாங்காதீர்கள். வாங்குவோர் இல்லையெனில் வாருவோரும் குறைவர்.

சனிக்கிழமைவாசிகளுள் தீமையைத் தடுத்தோரைக் காப்பாற்றியதாகவே இறைவன் கூறுகிறான். நாம் அக்கூட்டத்தில் இருப்போமாக! ஹலாலான ரிஸ்கில் பரக்கத்தையும், நம் பிள்ளைகளுக்கும் மீன் நிறைந்த கடலையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.