பிஸ்கட் முகத்துக்கு என்ன நிறம்?

கிரான் ஊரிலே வீட்டில் பிஸ்கட் சுட்டு ஐசிங் போடுகிறவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

பிஸ்கட்டில் ஒரு பிள்ளையின் முகம் வரைகிறீர்கள். உடனே கை ரோஸ் கலருக்குப் போகிறது. நம்முடைய பிள்ளைகளில் யார் ரோஸ்? மண்ணிறத்தை எடுங்கள். வெள்ளையோ, மாநிறமோ, கறுப்போ, அடி நிறம் மண்ணிறம்தான். தேத்தண்ணிக்குப் பால் கூட்டிக் குறைப்பதுபோல, அளவில்தான் வித்தியாசம்.

வெள்ளை ஐசிங்கை எடுங்கள். கழுவிய ஈர்க்கு நுனியால் மண்ணிற உணவுக் கலரைத் தொட்டு வையுங்கள். கலக்குங்கள். போதாதா? இன்னொரு தொடுகை. கடையில் மண்ணிறம் இல்லையென்றால் சிவப்பும் மஞ்சளும் கலந்து, துளி நீலம் விடுங்கள். வந்துவிடும். நல்ல கறுப்புத் தோலுக்கு முதலில் கொக்கோத் தூள் போடுங்கள். கலரை அள்ளிக் கொட்டினால் கைக்கும், பிள்ளைகள் துப்பிவிடுவார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஐசிங்கைக் கலந்து வைத்தாலும், அது காயக் காயவும் நிறம் கூடும். ஆகவே கொஞ்சம் வெளிறலாகவே நிறுத்துங்கள். ஈரத்துணியால் மூடி ஒரு மணித்தியாலம் வையுங்கள். பிறகு பாருங்கள்.

கிரெயோலா கம்பனி 2020இல் தோல் நிறங்களுக்கென்றே 24 நிறக் கிரேயோன் பெட்டி விட்டது. உங்களுக்கு அத்தனை தேவையில்லை. மண்ணிறம் ஒரு போத்தல் வாங்குங்கள், வெளிறலாகவே நிறுத்துங்கள்.