பயன் கருதாச் சவாரி



1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவைப் பரப்பியது. அதனோடு பெண்கள் மிதிவண்டியும் கற்றனர். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதனை ஊக்குவித்தார்; முத்து பாஸ்கரன் இயற்றிய மிதிவண்டிப் பாடல் ஊர்தோறும் ஒலித்தது. 1992ஆம் ஆண்டு மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணி ஒலித்து, புதுக்கோட்டை வீதிகளில் வலம் வந்தனர்.

இதன் பயனைக் கூறுவோர் தண்ணீர்க் குடத்தையும், சந்தைச் சரக்கையும், பேருந்துக்குக் காத்திராத நேரத்தையும் கணக்கிடுவர். அக்கணக்குப் பிழையன்று, முழுமையும் அன்று.

வேலை முடிந்த மாலைப்பொழுதில், குடமும் கூடையும் இன்றி ஒரு பெண் கண்மாய்க்கரை வரை சென்று திரும்புவதை எண்ணிப் பாருங்கள். எதிர்க்காற்றில் குனிந்து மிதிக்கிறாள். சரிவு வந்ததும் மிதிப்பதை நிறுத்துகிறாள். வண்டியோ நிற்கவில்லை, பின்சக்கரம் மட்டும் கிட்கிட்டென ஒலிக்கிறது. நாளெல்லாம் உழைத்த கால்கள் உழைக்காமலே முன்செல்லும் அச்சில நொடிகள் அவளுக்கே உரியவை.

"எங்கே போகிறாய்?" என்று ஊர் வினவும். காற்று வாங்கச் செல்லும் ஆடவனை எவரும் அவ்வாறு வினவுவதில்லை. "சும்மாதான்" என அவள் தயங்காது விடை கூறும் நாளிலேயே அவ்விடுதலை நிறைவெய்தும்.

அவள் சுமந்த குடத்தைப் பாடிய கவிஞர்களே, சுமையின்றி அவள் சென்ற மாலையையும் பாடுங்கள்.