செருப்போடு வந்த பிள்ளையும் வெளியே போகாத வகுப்பும்



காலை ஒன்பதரை மணி. சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பாலர் பராமரிப்பு நிலையம். மூன்று வயதுப் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். எதிரே இருக்கும் விளையாட்டுத் திடலுக்குப் போகவேண்டும். ஒரு பையன் காலில், அண்ணனுடைய பழைய செருப்பு. இரண்டு அளவு பெரியது. ஒரு பெண் பிள்ளைக்கு அன்று பிறந்தநாள். ஜரிகை வைத்த பாவாடையில் வந்திருக்கிறாள். "டீச்சர், புதுசு, அழுக்காக்காம பாத்துக்குங்க" என்று பாட்டி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இப்போது ஆசிரியர் என்ன செய்வார்?

அந்த இரண்டு பிள்ளைகளை மட்டும் உள்ளே உட்கார வைத்தால் போதுமே என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். மூன்று வயது வகுப்பில் இத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று விதி இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் உள்ளே இருந்தால் அவர்களோடு ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும். வெளியே போகிறவர்களோடும் ஒருவர் போகவேண்டும். அன்று ஓர் ஆசிரியர் மருத்துவ விடுப்பில் இருந்தால் கணக்கு உதைக்கும். கடைசியில் முழு வகுப்பும் உள்ளேயே உட்கார்ந்து படம் வரையும். ஒரு ஜோடிச் செருப்பு பத்துப் பிள்ளைகளின் வெளி நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. செருப்பைப் போட்டு அனுப்பிய பெற்றோருக்கு இது தெரியவே தெரியாது. மாலையில் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

முழுநாள் நிலையங்களில் தினமும் ஒரு மணி நேரம் உடல் அசையும் நடவடிக்கை வேண்டும், வானிலை இடம் கொடுத்தால் அதில் பாதியாவது வெளியில் நடக்கவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இது பிள்ளைகளின் களைப்புக்கும் தூக்கத்துக்கும் மட்டும் செய்த ஏற்பாடு அன்று. சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் கண்ணைப் பற்றிய விஷயம். கிட்டப்பார்வை இங்கே எவ்வளவு பரவலானது என்பதை எந்தத் தொடக்கப்பள்ளி வகுப்பறையிலும் மூக்குக்கண்ணாடிகளை எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும். 2001ஆம் ஆண்டிலேயே அதற்கென்று ஒரு தேசியத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. பகல் வெளிச்சம் படும்போது விழித்திரையில் டோபமின் என்ற பொருள் சுரக்கிறது. கண் பின்னோக்கி நீண்டு வளர்வதை அது மட்டுப்படுத்துகிறது என்பதுதான் ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். தைவான் 2010ஆம் ஆண்டிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்க ஊக்குவித்து வருகிறது.

இதைச் சொன்னதும் ஒரு கேள்வி வரும். தொப்பி போட்டால் வெளிச்சம் கண்ணுக்குப் போகாதே? சிங்கப்பூரிலேயே இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு வெளிவந்த அந்த ஆய்வில், பிள்ளைகள் உயரத்தில் பொம்மைத் தலைகளை வைத்து, தொப்பி போட்டும் கறுப்புக் கண்ணாடி மாட்டியும் மரநிழலில் நிறுத்தியும் அளந்தார்கள். எப்படி வைத்தாலும் அறைக்குள் கிடைப்பதைவிட வெளியே பல மடங்கு வெளிச்சம் கண்ணுக்குக் கிடைத்தது. ஆகவே தொப்பி தாராளமாகப் போடலாம்.

தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு தடை இருக்கிறது. அதை யாரும் நிலையத்தில் வாய்விட்டுச் சொல்வதில்லை. "வெயிலில் விடாதீர்கள், பிள்ளை கறுத்துப் போவாள்" என்பதுதான் அது. அதனால்தான் சில பிள்ளைகளுக்குக் காலணி தினமும் "மறந்து" போகிறது. உண்மையில், கருமையான தோலுக்கு வெயிலிலிருந்து வைட்டமின் டி கிடைக்க வெளுத்த தோலைவிடக் கூடுதல் நேரம் தேவை. நிறத்துக்குப் பயந்து பிள்ளையை உள்ளே வைத்திருப்பது அந்தப் பிள்ளைக்கே நட்டம். உச்சி வெயிலுக்குப் பயப்படுவது வேறு, அது நியாயமான பயம். சிங்கப்பூரில் நண்பகலை ஒட்டி புற ஊதாக் கதிர்க் குறியீடு 11ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. தேசியச் சுற்றுப்புற வாரியம் அதை மணிக்கு மணி வெளியிடுகிறது. ஆகவே காலை பத்துக்கு முன், மாலை ஐந்துக்குப் பின் என்று நேரத்தைப் பார்த்துக்கொள்வது நிலையத்தின் பொறுப்பு. உடையைப் பார்த்துக்கொள்வது வீட்டின் பொறுப்பு.

சரி, எந்த உடை? விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். தளர்வான, வெளிர்நிறச் சட்டை. கடும் நிறங்களைக் கொசு நாடும். ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது. 2020ஆம் ஆண்டு 35,000க்கும் மேற்பட்டோரை டெங்கி பிடித்த ஊர் இது. கால்சட்டைக்குப் பொத்தானும் பெல்ட்டும் வேண்டாம், இடுப்பில் இழுவைப் பட்டை இருக்கட்டும். பிள்ளை தானே கழற்றிக் கழிப்பறைக்குப் போகும். மூடிய காலணி, ஒட்டும் பட்டை வைத்தது. நுனியில் ஒரு விரல் அளவு இடம் இருந்தால் போதும். வளரும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் ஏணியில் தடுக்கி விழும்.

சட்டைக் கழுத்தில் தொங்கும் கயிறு மட்டும் கூடவே கூடாது. சறுக்குமரத்தின் உச்சியில் உள்ள இடுக்கில் கயிறு மாட்டிக்கொள்ள, பிள்ளை கீழே சறுக்க, கழுத்து இறுகிவிடும். இப்படிப் பிள்ளைகள் இறந்ததால்தான் அமெரிக்கா 1996ஆம் ஆண்டு இதற்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. 2011ஆம் ஆண்டு கழுத்துக் கயிறு உள்ள சிறுவர் மேலுடைகளை ஆபத்தான பொருள் என்றே வகைப்படுத்தியது. கழுத்துச் சங்கிலிக்கும் தாயத்துக் கயிற்றுக்கும் இதே கதைதான். தாயத்தைக் கழற்றச் சொன்னால் பாட்டிக்குக் கோபம் வரும். இடுப்பில் கட்டிவிடுங்கள் என்றால் வராது.

இதையெல்லாம் பெற்றோரிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது? பல நிலையங்கள் சுற்றறிக்கை அனுப்புகின்றன. "பொருத்தமான உடையில் அனுப்பவும்" என்று அதில் ஒரு வரி இருக்கும். எது பொருத்தம்? பாட்டிக்குப் பட்டுப் பாவாடை பொருத்தம். அதோடு, சுற்றறிக்கையைப் படிப்பவர் ஒருவர், காலையில் உடுத்திவிடுபவர் வேறொருவர். பெற்றோர் ஏழு மணிக்கே ரயில் ஏறிவிட, பிள்ளையைத் தயார்செய்வது பாட்டியோ இல்லப் பணிப்பெண்ணோ. மியன்மாரிலிருந்து வந்த பணிப்பெண்ணுக்கு ஆங்கிலக் கடிதத்தால் என்ன பயன்? ஒரு புகைப்படம் போதும். தொப்பி, வெளிர்நிறச் சட்டை, மூடிய காலணியோடு நிற்கும் ஒரு பொம்மையைப் படம் பிடித்து, வீட்டு வாசலில் காலணி அலமாரிமேல் ஒட்டச் சொன்னால் யாருக்கும் புரியும்.

குறை சொல்லும் தொனியும் உதவாது. பாவாடைப் பாட்டியிடம் "ஏன் இப்படி அனுப்பினீர்கள்" என்று கேட்டால் மறுநாள் அவர் முகம் கொடுக்க மாட்டார். "பிறந்தநாள் உடை அழகு பாட்டி, கேக் வெட்டும்போது போட்டுவிடுகிறோம், பையில் வைத்துக் கொடுங்கள்" என்றால் வேலை முடிந்தது.

இன்னொன்று, பணம். பிள்ளையின் கால் சில மாதங்களிலேயே வளர்ந்துவிடுகிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று ஜோடி வாங்குவது எல்லாக் குடும்பத்துக்கும் எளிதல்ல. அதை ஆசிரியரிடம் சொல்ல வெட்கப்பட்டுச் செருப்பில் அனுப்புகிறவர்களும் உண்டு. வாசலருகே ஒரு பெட்டி வைத்து, கால் வளர்ந்த பிள்ளைகளின் காலணிகளைத் துடைத்துக் காயவைத்துப் போட்டால், யார் எடுத்தார் யார் கொடுத்தார் என்ற கேள்வியே இல்லை. தொப்பிகளைத் தலைப்பேன் காரணமாகப் பகிரவேண்டாம். அவற்றை நிலையமே வாங்கிப் பெயர் எழுதி அங்கேயே வைத்துக்கொள்ளலாம், வாரம் ஒருமுறை துவைக்க வீட்டுக்கு அனுப்பலாம்.

ஜனவரியில் புதுப் பிள்ளைகள் சேரும் நேரம் வடகிழக்குப் பருவமழையும் இருக்கும். மழை விட்டதும் புல் ஈரமாகத்தான் கிடக்கும். அதற்காக உள்ளே இருக்கவேண்டியதில்லை, இடி மின்னல் இருந்தால் ஒழிய. பையில் ஒரு மாற்றுச் சட்டை, ஒரு மாற்றுக் கால்சட்டை, இரண்டு ஜோடிக் காலுறை, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை. எல்லாவற்றிலும் பெயர் இருக்கட்டும். மூன்று வயதுப் பிள்ளையிடம் தன் காலுறை எது என்று கேட்டால் எல்லாவற்றையும் தன்னுடையது என்றுதான் சொல்லும்.