போனில் டாக்டரிடம் பேசுவதற்கு முன்னால்...

(கப்பலூர் குழுக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நம்ம உறுப்பினர் ஒருவர் மனசு சரியில்லைன்னு 14416-க்கு போன் போட்டார். "என்னம்மா செய்யுது?"ன்னு கேட்டாங்க. "லேசா தலைவலிங்க"ன்னு சொல்லி வச்சிட்டார். பக்கத்துல மாமியார் உட்கார்ந்திருந்தா வேற என்ன சொல்ல முடியும்?

இந்த எண் 2022 அக்டோபரில் ஆரம்பித்த அரசு சேவை. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல டாக்டரிடம் இணைப்பார். இது புதுசும் இல்லை. சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம் 2010-லேயே புதுக்கோட்டை கிராமங்களுக்குப் பஸ் அனுப்பி, டிவி வழியாக டாக்டரைப் பேச வைத்தது.

டாக்டர் நம் முகவாட்டத்தை நேரில் பார்க்கப் போவதில்லை. நாம் சொன்னால்தான் உண்டு. அதனால் முதல் நாளே மகளையோ ஊக்குநரையோ விட்டு ஒரு தாளில் எழுதிக்குங்க. எத்தனை நாளா இப்படி இருக்கு? இரண்டு வாரம் தாண்டிடுச்சா? தூக்கம், சாப்பாடு எப்படி? சுகர், பிரஷர், தைராய்டு மாத்திரை அட்டைகளைக் கையில் வச்சுக்கணும். கர்ப்பமா இருந்தாலும், பால் கொடுத்தாலும் கட்டாயம் சொல்லணும். தவணை கட்ட முடியாத கவலை, வீட்டுக்காரர் குடி, அடி இதெல்லாமும் நோய்க்கணக்குத்தான். "செத்துப் போயிடலாமான்னு தோணுது"ன்னா அதை முதல்ல சொல்லுங்க. அதுக்கு நாள் பார்க்காம உடனே கூப்பிடுங்க.

மாத்திரை எழுதினா பலன் தெரிய சில வாரம் ஆகும். நாலு நாளில் நிறுத்திடாதீங்க.

வீட்டில் பேச இடமில்லையா? குழு அறைச் சாவி என்கிட்ட இருக்கு. வாங்கிக்குங்க. எதுக்குன்னு கேட்க மாட்டேன், தீர்மான நோட்டிலும் எழுத மாட்டோம்.