ஒரு சொடுக்கும் ஒரு முழுப் படமும்



கரும்பலகையில் ஆசிரியர் ஒரு வரைபடம் தீட்டியிருக்கிறார். மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இந்தப் புள்ளியின் அளவு யாது?" என்று கோலால் சுட்டுகிறான். உடனே அவர் பலகை முழுவதையும் துடைத்து, அச்சுகளையும் அளவுக் குறிகளையும் வளைகோட்டையும் முதலிலிருந்து வரைந்து முடித்த பின்னரே விடை சொல்லுகிறார். நகைப்போம் அல்லவா? கணிப்பொறியில் வரைபடம் காட்டும் நிரல்களுள் பல, மௌஸ் எனப்படும் சுட்டியை ஒருமுறை சொடுக்கியதும் இதையேதான் செய்கின்றன.

அத்தகைய நிரலொன்றை எழுதியவர்களுள் நானும் ஒருவன். பைத்தான் மொழியில், மாட்பிளாட்லிப் என்னும் தொகுப்பைக் கொண்டு எழுதினேன். மூளையின் மின்னலைப் பதிவுகளை ஆராய்ந்து வந்த ஜான் ஹன்டர் என்ற அமெரிக்கர் 2003-இல் வெளியிட்ட தொகுப்பு அது. பத்தாண்டு வெப்பநிலையை மணிக்கு ஒரு புள்ளியாக அதில் இட்டேன். 87,600-க்கும் மேற்பட்ட புள்ளிகள். என்னிடம் பயில வந்த கல்லூரி மாணவி ஒருத்தி, திங்கள்தோறும் உச்ச வெப்பத்தைச் சொடுக்கிக் குறித்து வந்தாள். பழைய கணிப்பொறி, சொடுக்கியபின் ஒரு விநாடிக்கு மேல் திரை அசையவில்லை. பதியவில்லை போலும் என்றெண்ணி மீண்டும் சொடுக்கினாள். அதற்குள் கை சற்றே நகர்ந்துவிட்டது. ஒரே திங்களுக்கு இரண்டு உச்சங்கள் விழுந்தன, சராசரியும் பிழைத்தது. அவளது கவனக்குறைவு என்று கடிந்துகொண்டேன். குற்றம் என்னுடையது என உணர எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

சொடுக்கு நிகழ்ந்ததும் இயங்கும் பகுதியின் முடிவில் 'ட்ரா' என்ற கட்டளையை இட்டிருந்தேன். அது படம் முழுவதையும் அக்கணமே மறுபடி வரைவது. அத்தனை புள்ளிகளுக்கும் திரையில் இடம் கணிக்க வேண்டும். எழுத்துகளை உருவாக்க வேண்டும். சாளரம் 1000-க்கு 800 என்றால் 8,00,000 பிக்சல்கள். புதிதாகத் தோன்றவேண்டிய சிவப்புக் குறிக்கோ, 10-க்கு 10 என்று கொண்டால், 100 பிக்சல்களே போதும்!

ஆதலின், படத்தில் ஏதேனும் மாறியதா என்பதையே முதற்கண் வினவவேண்டும். வெற்றிடத்தில் சொடுக்கினால் வரைய ஒன்றுமில்லை. மாறியிருப்பின், 'ட்ரா ஐடில்' என்ற கட்டளை உண்டு. அது அப்போதே வரையாது. வரையுமாறு விண்ணப்பம் மட்டும் செய்யும். கைவேலை ஓய்ந்தபின், குவிந்த விண்ணப்பங்களுக்கெல்லாம் சேர்த்து ஒருமுறை வரையப்படும். விண்டோஸ் இயக்க முறையும் இவ்வாறே பழுதுபட்ட பரப்புகளை ஒன்றாகச் சேர்த்து, வேறு செய்திகள் காத்திராத வேளையில் வரையச் சொல்லுகிறது.

இன்னும் விரைவு வேண்டின், பிளிட்டிங் என்னும் முறை உண்டு. மாறாத பின்னணியை ஒரு படமாகச் சேமித்துக்கொண்டு, குறிகளை மட்டும் அதன்மேல் தீட்டுவது. இதில் நான் மற்றொரு முறை இடறினேன். சாளரத்தைப் பெரிதாக்கியபோது, பழைய அளவுப் பின்னணி ஒரு மூலையில் வந்து ஒட்டிக்கொண்டது. குறிகளும் இடம் மாறி நின்றன. வீணாக வரைவதால் நேரந்தான் போகும். வரையவேண்டியபோது வரையாவிடில் படமே பொய்யாகும். முழுப்படம் வரையப்படும் போதெல்லாம் பின்னணியைப் புதிதாகச் சேமிக்குமாறு திருத்தினேன்.

மறுவாரம் அம்மாணவி அதே பதிவைத் தொடக்கத்திலிருந்து குறித்தாள். குறி உடனுக்குடன் தோன்றியது. இரட்டைக் குறி ஒன்றும் விழவில்லை. முன்பு கடிந்துகொண்டமைக்கு அவளிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டேன்.